தொடக்கப் பள்ளி ஆசிரியர் வேலை எப்படி இருக்கும்? சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது சுலபம்தானே?

கேள்வி கேட்டவர் பட்டப்படிப்பு முடித்துவிட்டு ஆசிரியர் பயிற்சியில் சேரலாமா என்று யோசிக்கிறாராம். மேல்வகுப்பு என்றால் நாமும் உட்கார்ந்து நிறையப் படிக்க வேண்டும், சின்ன வகுப்பு என்றால் எழுத்தும் கூட்டல் கழித்தலும்தானே, சமாளித்துவிடலாம் என்பது அவருடைய கணக்கு. நான் 14 வருடமாக ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை மாறி மாறி எடுத்துக்கொண்டிருக்கிறேன். இதே கணக்கோடுதான் நானும் வந்தேன். முதல் மாதத்திலேயே அது ஆட்டம் கண்டது, இரண்டாவது வருடம் மொத்தமாகக் கவிழ்ந்தது.

கவிழ்ந்த கதையைச் சொல்கிறேன். இரண்டாம் வகுப்பு, கடன் வாங்கிக் கழித்தல். 52இல் 27 போனால் எவ்வளவு? ஒரு பையன் 35 என்று எழுதியிருந்தான். சிவப்புப் பேனாவால் ஒரு இன்டு. அடுத்தது 81இல் 46. அவன் விடை 45. இன்னொரு இன்டு. 63இல் 38, விடை 35. அதற்கும் இன்டு. கீழே "கவனம் தேவை" என்று எழுதி நோட்டைத் தந்துவிட்டேன். பையன் இடத்துக்குப் போகாமல் மேசை பக்கத்திலேயே நின்றான். "மிஸ், கவனமாத்தான் போட்டேன்."

சரி, எப்படிப் போட்டாய் என்று கேட்டேன். "2லேருந்து 7 போகாதுல்ல. அதனால 7லேருந்து 2ஐ எடுத்தேன்."

மூன்று கணக்கையும் திரும்பப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே முறை. எந்த எண் மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும், பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறான். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. கவனம் இல்லாத பிள்ளையால் இத்தனை ஒழுங்காகத் தப்புப் போட முடியாது. அந்த விதியை அவனுக்கு யார் கொடுத்தார்கள் என்று யோசித்தால், முந்தின வருடம் அவனுடைய ஒன்றாம் வகுப்பு மிஸ்ஸும் நான்தான். "எப்பவும் பெரியதிலிருந்து சின்னதைத்தான் கழிக்கணும், மாத்திக் கழிக்க முடியாது" என்று நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறது. அந்த இன்டு எனக்கு விழ வேண்டியது.

அன்றைக்குப் பிறகு இந்த வேலை எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. பாடத்தில் இருக்கும் விஷயம் சுலபம்தான். ஆனால் அது எனக்குத் தெரியாமல் இருந்த காலம் எனக்கு நினைவில் இல்லை. கஷ்டம் அங்கேதான். எழுத்துக் கூட்டிப் படித்தது உங்களுக்கு நினைவிருக்கிறதா? பிறந்ததிலிருந்தே படித்துக்கொண்டிருப்பது போலத்தான் தோன்றும். தெரிந்ததைத் தெரியாதவர் கண்ணால் பார்ப்பதற்குத்தான் சம்பளம்.

எழுத்திலேயே ஒன்று சொல்கிறேன். 'கொடி' என்ற சொல்லை ஒரு குட்டிப்பெண் "கெ... ர... டி, கெரடி" என்று படித்தாள். வகுப்பே சிரித்தது, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் பலகையைப் பார்த்தேன். முன்னால் ஒற்றைக் கொம்பு, நடுவில் க, பின்னால் கால். கொம்பும் ககரமும் சேர்ந்தால் 'கெ' என்று போன வாரம்தான் சொல்லித்தந்திருந்தேன். அந்தக் காலும் ரகரமும் பார்க்க ஏறக்குறைய ஒன்றுதான். அவள் கண்ணில் பட்டதைப் பட்டபடி படித்தாள். ஒரு ஒலிக்கான குறி எழுத்தின் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கும் என்பது நமக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். முதல்முறை பார்க்கிறவருக்கு அது விசித்திரம். இப்போதெல்லாம் கொ, கோ வரிசைக்கு வரும்போது கொம்பை ஒரு நிறத்திலும் காலை அதே நிறத்திலும் எழுதுகிறேன், ககரம் மட்டும் வெள்ளை. முழுசாகத் தீர்ந்துவிடவில்லை, ஆனாலும் 'கெரடி' குறைந்திருக்கிறது.

பயிற்சிக் காலத்தில் ழான் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து உளவியலாளரைப் பற்றிப் படிப்பீர்கள். பரீட்சைக்காக மனப்பாடம் செய்து மறந்தும் விடுவீர்கள், நான் அப்படித்தான் செய்தேன். வகுப்புக்கு வந்த பிறகு ஒரு நாள் அவருடைய சோதனையைச் செய்து பார்த்தேன். இரண்டு வரிசையாகப் பொத்தான்கள், வரிசைக்கு ஆறு. எண்ணச் சொன்னேன், இரண்டும் ஆறு என்று பிள்ளையே எண்ணிச் சொன்னது. பிறகு அதன் கண்ணெதிரிலேயே ஒரு வரிசையை மட்டும் தள்ளித் தள்ளி நீளமாக வைத்தேன். எதில் அதிகம்? "இதுல!" என்று நீண்ட வரிசையைக் காட்டியது, ஒரு நொடிகூட யோசிக்காமல். ஏழு வயதுக்குக் கீழே உள்ள பல பிள்ளைகள் இப்படித்தான் சொல்லும் என்று படித்திருந்தும், நேரில் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. நமக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது சின்ன அளவில் செய்த பெரிய மனிதர் இல்லை.

சமக்குறியும் அப்படி ஒரு பொறி. 8 + 4 = ☐ + 5 என்று எழுதி, கட்டத்தில் என்ன வரும் என்று மூன்றாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் 12 என்பார்கள். ஏனென்றால் நாம் கொடுத்த கணக்கு எல்லாவற்றிலும் சமக்குறிக்கு அடுத்ததாக வந்தது விடை மட்டும்தான். "இரண்டு பக்கமும் சமம்" என்பதற்குப் பதிலாக "இங்கே விடையை எழுது" என்றுதான் அந்தக் குறி அவர்களுக்குச் சொல்கிறது. இதற்கு மருந்து பெரிதாக ஒன்றுமில்லை. ஆரம்பத்திலிருந்தே இடையிடையே 12 = 8 + 4 என்று திருப்பியும் எழுதிக் காட்ட வேண்டும். புத்தகத்தில் அப்படி அதிகம் வராது, நாம்தான் எழுத வேண்டும்.

சரி, ஒரு நாள் எப்படிப் போகும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பிலிப் ஜாக்சன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் தொடக்கப் பள்ளி வகுப்புகளில் உட்கார்ந்து கவனித்துவிட்டு, ஓர் ஆசிரியருக்கு ஒரு நாளில் ஆயிரம் கொடுக்கல் வாங்கல் வரை நடக்கிறது என்று 1968இல் எழுதினார். பேச்சு, பதில், தலையாட்டல், தடுத்தல் எல்லாம் சேர்த்து. எனக்கு அந்த எண் மிகையாகத் தெரியவில்லை. காலையில் வருகைப் பதிவேட்டைத் திறந்து நாலு பெயர் கூப்பிட்டிருப்பேன். ஒரு பெண் விழுந்த பல்லைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நிற்பாள், வாயில் ரத்தம், முகத்தில் பெருமை. பல்லைக் காகிதத்தில் மடிக்கும்போதே ஒருவன் பென்சில் முனை உடைந்தது என்பான். பின்வரிசையில் ஒரு ரப்பருக்கு இரண்டு பேர் சொந்தம் கொண்டாடுவார்கள். "மிஸ், ஒன்னுக்கு" என்று ஒரு கை உயரும். அவனை விட்டால் அவனுடைய கூட்டாளிக்கும் அந்த நிமிடமே வரும், விடாவிட்டால் நிஜமாகவே வந்துவிடும். இவன் நிஜமா, துணைக்கா என்று முகத்தைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். இதெல்லாம் ஐந்தாவது பெயரைக் கூப்பிடுவதற்கு முன்னால்.

நமக்கு ஒன்றுக்கு வந்தால்? இடைவேளை வரை அடக்க வேண்டியதுதான், வகுப்பைத் தனியாக விட்டுவிட்டு நகர முடியாது. அதற்குப் பயந்தே பலர் தண்ணீர் குடிப்பதில்லை, தொண்டையும் போய்விடும். முதல் வருடம் எனக்கு மூன்று தடவை குரல் அடைத்தது. கத்தக் கத்தப் பிள்ளைகளும் சத்தத்தைக் கூட்டுவார்கள். சத்தத்தைக் குறைத்துப் பேசினால் முன்வரிசை "உஷ்" என்று பின்வரிசையை அடக்கும். இதை எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை, ஒரு மூத்த ஆசிரியை போகிற போக்கில் சொன்னது.

எழுத்து வேலை உண்டு, பாடக்குறிப்பு, பதிவேடு, படிவம் என்று. பெற்றோர் கூட்டமும் உண்டு, அங்கே படிப்பைவிடக் காணாமல் போன ஜாமெட்ரி பாக்ஸ் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கும். இவை எந்த வேலையிலும் இருக்கிற தலைவலிதான், விடுங்கள். எனக்கு நிஜமாகவே வருத்தம் தந்தது வேறு. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், வகுப்பிலிருந்து சத்தம் வந்தால் உள்ளே ஆசிரியர் இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். ஆறு வயதுப் பிள்ளை வாய் மூடி என்ன கற்கும்? கையைக் கட்டிக்கொண்டு உட்காரத்தான் கற்கும். நானும் ஒரு வருடம் அப்படி உட்கார வைத்தேன். பயம்தான், வேறென்ன.

அமைதியில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் அமைதி. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்புகளைப் பதிவுசெய்து கேட்டபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டு ஒரு நொடி அளவுக்குத்தான் காத்திருந்தார்கள். உடனே அடுத்த பிள்ளை, அல்லது தாங்களே பதில். அதை மூன்று நொடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று நொடி என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். நின்று பாருங்கள், யுகம் மாதிரி இருக்கும். கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் வைத்து விரல் விட்டு எண்ணித்தான் நான் பழகினேன், இன்றைக்கும் அவசரத்தில் விட்டுவிடுகிறேன்.

இந்த வேலையில் தோற்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்பில் ஒரு பையன், வாசிக்கச் சொன்னால் கணீரென்று வாசிப்பான். விரலும் வரிக்கு வரி ஒழுங்காக நகரும். பாதி வருடம் போன பிறகு ஒரு நாள் பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு "இது என்ன?" என்றேன். முதல் வரியிலிருந்து மெதுவாக ஒப்பித்துக்கொண்டே வந்து, அந்தச் சொல்லில் நிறுத்தி, என்னை நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு எழுத்தே தெரியாது. மற்றவர்கள் வாசிக்கும்போது காதால் கேட்டு முழுப் பாடத்தையும் மனதில் ஏற்றிக்கொண்டிருந்தான். அவ்வளவு அறிவு, அவ்வளவு உழைப்பு, எல்லாம் என்னிடமிருந்து ஒளிவதற்குச் செலவாகியிருக்கிறது. மீதி வருடம் மாலையில் அவனோடு உட்கார்ந்தேன். சின்னச் சொற்கள் வந்தன, வரி வரவில்லை. அப்படியே நாலாம் வகுப்புக்குப் போனான். அவனைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு மாதம் ஆனதை இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

வேலை சுலபம் என்று எல்லோருக்கும் தோன்றுவதற்கு டான் லார்ட்டி என்ற சமூகவியலாளர் 1975இல் ஒரு காரணம் சொன்னார். பள்ளி போன எவரும் வருடக்கணக்கில் ஆசிரியரைப் பார்த்துக்கொண்டே வளர்கிறார்கள், அதனால் அந்த வேலை தெரிந்த மாதிரியே இருக்கிறது. ஆனால் பார்த்தது பெஞ்சிலிருந்து. மேசைக்கு இந்தப் பக்கம் என்ன ஓடுகிறது என்பது அங்கிருந்து தெரியாது.

சேரலாமா என்றால், சேர்வதற்கு முன்னால் ஒரு வாரம் எங்காவது ஒன்றாம் அல்லது இரண்டாம் வகுப்பில் அனுமதி வாங்கிப் பின்னால் உட்காருங்கள். பாடம் நடத்த வேண்டாம். பிள்ளைகளின் நோட்டை வாங்கி, தப்பான விடைகளை மட்டும் பாருங்கள். இந்த விடை எப்படி வந்திருக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் யோசியுங்கள். அரை மணி நேரத்தில் எரிச்சல் வந்தால் மேல்வகுப்புக்குப் போய்விடுங்கள், அங்கேயும் நல்ல ஆசிரியர்கள் தேவைப்படுகிறார்கள். மதிய மணி அடித்தது தெரியாமல் உட்கார்ந்திருந்தால் விண்ணப்பம் போடுங்கள்.

இதை எழுதும்போது என் பக்கத்தில் 31 நோட்டு இருக்கிறது, நாளைக்குள் முடிக்க வேண்டும். மேலே இருக்கும் நோட்டில் நூற்று மூன்று என்பதை 1003 என்று எழுதியிருக்கிறாள். அதற்கு அடுத்த வரியில் நூற்றுப் பத்தை 110 என்று சரியாகவே எழுதியிருக்கிறாள். முதலாவது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும், 100ஐ எழுதிப் பக்கத்தில் 3ஐ வைத்துவிட்டாள். அப்படியானால் இரண்டாவது ஏன் 10010 ஆகவில்லை? அரை மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் பேனாவைத் திறக்கவில்லை, காலையில் அவளையே கேட்க வேண்டும்.