மீன்பிடித் தடைக்காலத்தில் ஸ்பேர் வாங்கப் போகிறீர்களா? கிட் வேண்டாம்

கேள்வி: கடலூர் சோனாங்குப்பத்தில் எங்களுக்கு இரண்டு விசைப்படகுகள் உள்ளன. இரண்டிலும் ஒரே மாடல் எக்கோ சவுண்டர் (ஒலியால் கடலின் ஆழத்தைக் காட்டும் கருவி), ஜிபிஎஸ், விஹெச்எஃப் வயர்லெஸ். போன சீசனில் ஒரு எக்கோ சவுண்டர் கெட்டு, சாமான் வந்து சேர இரண்டு மாதம் ஆகிவிட்டது. இப்போது ஓர் ஏஜென்ட், படகுக்கு ஒன்றாக இரண்டு 'முழு ஸ்பேர் கிட்' வாங்கி வைக்கச் சொல்கிறார். மொத்தம் 85,000 ரூபாய். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 'கிட்' என்பது பெரும்பாலும் கடையில் தேங்கிய சரக்கைத் தள்ளிவிட ஏஜென்ட் கண்டுபிடித்த வழி. பிரித்துப் பார்த்தால் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. உண்மையிலேயே தேவைப்படுகிற பொருள் அதில் இருக்காது.

எதை வாங்குவது என்று முடிவு செய்ய மூன்று கேள்விகள் போதும். அது கெட்டால் தொழில் நிற்குமா? புதுசு வர எத்தனை நாள்? உங்கள் டிரைவரே மாற்றிப் போட முடியுமா? ஃபியூஸ், ஆன்டெனா கேபிள், அதன் முனையில் மாட்டும் பிஎல்-259 கனெக்டர் எல்லாம் சில்லறைச் செலவு. படகுக்கு ஒரு டப்பா போட்டு வையுங்கள். வயர்லெஸ் கெட்டுப்போச்சு என்று வருகிற புகார்களில் நிறைய, ஆன்டெனா கனெக்டரைக் கழற்றினால் பச்சையாகக் களிம்பு ஏறியிருப்பதைப் பார்த்ததும் தீர்ந்துவிடும்.

விலை கூடிய சாமானுக்குத்தான் கணக்கு தேவை. எக்கோ சவுண்டரின் டிஸ்பிளே யூனிட் சராசரியாக இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மக்கர் செய்கிறது என்று வையுங்கள். இரண்டு படகு என்பதால் வருஷத்துக்கு ஒன்று. சாமான் வர இரண்டு மாதம். ஸ்பேரே இல்லையென்றால், ஏதாவது ஒரு இரண்டு மாதத்தில் படகு ஒன்று மாட்டிக்கொள்ள வாய்ப்பு நூற்றுக்குப் பதினைந்து. இரண்டு படகுக்கும் பொதுவாக ஒன்றே ஒன்று வீட்டில் இருந்தால் அது நூற்றுக்கு ஒன்றாக இறங்கிவிடும். இரண்டாவது ஸ்பேர் வாங்குவது அந்த ஒன்றைக் குறைக்கத்தான். அதற்கு இவ்வளவு பணமா? ஒரே மாடலாக வாங்கியிருக்கிறீர்களே, அதன் லாபமே இதுதான்.

இந்தக் கணக்கு, எக்கோ சவுண்டருக்காக ஒலியை அனுப்பி வாங்குகிற டிரான்ஸ்டியூசருக்கு மட்டும் செல்லாது. அது படகின் அடிப்பலகையில், தண்ணீருக்குள் இருக்கிறது. நடுக்கடலில் கெட்டால் கையில் பத்து ஸ்பேர் இருந்தும் பிரயோஜனம் இல்லை. படகைக் கரையேற்றும்போதுதான் மாற்ற முடியும், அது உங்களுக்குத் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். சாமான் வரவும் அதே இரண்டு மாதம்! படகை ஏற்றிய பிறகு பார்த்து ஆர்டர் கொடுத்தால், படகு தண்ணீரில் இறங்குகிற நேரத்தில் பார்சல் வந்து நிற்கும். ஆகவே பிப்ரவரியிலேயே, கடலில் இருக்கும்போதே கவனியுங்கள். வழக்கமான ஆழத்தில் அடித்தரைக் கோடு மங்குகிறதா, கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) ஏற்றிக்கொண்டே போக வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் ஆர்டர் கொடுத்துவிடுங்கள். வாங்கும்போது 50, 200 கிலோஹெர்ட்ஸ் பொருந்தினால் மட்டும் போதாது, வாட்டும் பொருந்த வேண்டும். ஒரு கிலோவாட் செட்டில் 600 வாட் டிரான்ஸ்டியூசரை மாட்டினால் அது கருகிப்போகலாம். சந்தேகம் மட்டும்தான் என்றால், படகு ஏறியதும் முதலில் அதன் முகத்தில் உள்ள பாசியையும் சிப்பியையும் மரத்துண்டால் சுரண்டுங்கள், உளி வேண்டாம். அப்புறம் செட்டை ஒரு நிமிஷம் ஆன் செய்து காதைக் கிட்டே வைத்தால் டிக் டிக் என்று கேட்கும். காற்றில் நீண்ட நேரம் ஓடவிட்டால் சூடாகிக் கெடும். அதன் முகத்தில் பூச வேண்டாம் என்று படகுக்குப் பெயின்ட் அடிக்கிறவரிடம் சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் அடிப்பலகைக்கு அடிக்கிற அதே தின்னர் கலந்த பெயின்டை அதன் முகத்திலும் பூசிவிடுவார்.

இனி ஏஜென்ட் விஷயம். குஜராத் அலங்கில் உடைக்கிற கப்பல்களிலிருந்து கழற்றிய கருவிகள் விற்பனைக்கு வருகின்றன. பழசு என்று சொல்லி விற்றால் தப்பில்லை. துடைத்து, ஸ்டிக்கர் ஒட்டி, புதுசு என்று விற்பதுதான் பிரச்சினை. திருகாணித் தலையில் கீறல், கனெக்டர் ஊசியில் பூச்சு தேய்ந்திருப்பது, பிராக்கெட் ஓட்டையைச் சுற்றி வட்டத் தடம், இதையெல்லாம் பாருங்கள். சில மாடல்களில் ஓடிய மணி நேரம் மெனுவிலேயே தெரியும், கடையிலேயே ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். சர்க்யூட் போர்டு வாங்கினால் பார்ட் நம்பரின் கடைசி எழுத்து வரை பொருந்த வேண்டும். 'எல்லாத்துக்கும் செட் ஆகும் சார்' என்று ஒருவர் சொன்னால் அந்தக் கடைப் பக்கம் போகாதீர்கள். பில்லில் சீரியல் நம்பர் இல்லாமல் வாரண்டி என்பது வாய்ப்பேச்சு.

மீன்வளத் துறை மூலம் வந்த, படகு இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாகத் தெரிவிக்கிற டிரான்ஸ்பாண்டருக்கு ஸ்பேர் விற்க யாராவது வந்தால் திருப்பி அனுப்புங்கள். அதை நீங்கள் திறக்கவே கூடாது, புகார் துறைக்குத்தான் போக வேண்டும். மனு மேஜை மேஜையாக நகர எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்காதீர்கள். ஸ்பேர் எங்கே, எத்தனை வைப்பது என்று அங்கே யாராவது யோசித்திருந்தால் தேவலை. மனு கொடுத்ததும் தேதி முத்திரையோடு நகல் வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த முறை போகும்போது அதுதான் பேசும்.

கடைசியாக ஒன்று. ஸ்பேரை மாட்டுமுன், பழையது ஏன் கெட்டது என்று பாருங்கள். இன்ஜினை ஓடவிட்டு, செட்டுக்கு வருகிற ஒயரில் மீட்டர் வையுங்கள். 24 வோல்ட் படகில் 27, 28 காட்டினால் சரி. 30-ஐத் தாண்டினால் டைனமோ ரெகுலேட்டர் போயிருக்கிறது. அதோடு மாட்டினால் ஸ்பேரும் அதே வழியில்தான் போகும். வீட்டில் வைக்கிற யூனிட்டை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அரை மணி நேரம் ஓடவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். இந்த ஒரு யூனிட்டும் தேவைப்பட்டால் ஒரு டிரான்ஸ்டியூசரும் தவிர, அந்த 85,000-த்தில் வேறு பெரிய சாமான் எதுவும் இந்த வருஷம் வாங்க வேண்டியதில்லை.