ஒரு பக்க பிரேக் லைட் மட்டும் அடிக்கடி போகிறதா? ஆல்டர்னேட்டரைத் தொடாதீர்கள்

கேள்வி: என் பெட்ரோல் ஹேட்ச்பேக் காருக்கு ஒன்பது வயது. வலது பக்க பிரேக் லைட் பல்பு மட்டும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போய்விடுகிறது. இடது பக்கம் பிரச்சினையே இல்லை. மெக்கானிக், ‘ஆல்டர்னேட்டர் கரண்ட் அதிகமாகத் தள்ளுது, மாத்திடலாம்’ என்கிறார். அக்சஸரீஸ் கடையில் எல்இடி போடச் சொல்கிறார்கள். எதைச் செய்வது?

பதில்: இரண்டுமே வேண்டாம். ‘வலது பக்கம் மட்டும்’ என்று நீங்களே விடையைச் சொல்லிவிட்டீர்கள். இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரித்துப் பேட்டரியை சார்ஜ் செய்வதுதான் ஆல்டர்னேட்டர். அதிலிருந்து வரும் வோல்ட்டேஜ் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான். அது எகிறினால் இடது பல்பும் போகும், ஹெட்லைட்டும் போகும், பேட்டரியில் தண்ணீர் வற்றும். பெடலுக்கு மேலே இருக்கும் பிரேக் சுவிட்ச் ஒட்டிக்கொண்டு விளக்கு எந்நேரமும் எரிந்தாலும் இரண்டு பக்கமும் சேர்ந்துதான் அடிவாங்கும். ஆக, கோளாறு அந்த வலது டெயில் லைட்டுக்குள்தான்.

அடுத்த முறை பல்பு போனால் தூக்கி எறியாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடிக்குள் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் விரிசல் விட்டுக் காற்று புகுந்திருக்கிறது; சூடான கண்ணாடியில் மழைத்தண்ணீர் சொட்டியிருக்கும். கண்ணாடி பளிச்சென்று இருக்க, ஃபிலமென்ட் மட்டும் அறுந்திருந்தால் அதிர்வு. உள்ளே கறுத்திருந்தால் வெகுநாள் எரிந்து தேய்ந்தது, அல்லது வோல்ட்டேஜ் அதிகம். ஃபிலமென்ட் முழுசாக இருந்தால் பல்பு போகவே இல்லை! நல்ல பல்பைக் கழற்றிவிட்டு வேறு பல்பு மாட்டிக் காசு வாங்குவது தினமும் நடக்கிறது.

உங்கள் கேஸில் எனக்கு முதல் சந்தேகம் பல்பு உட்காரும் ஹோல்டர் மேல். சாவியை எடுத்துவிட்டு, விளக்கைக் கழற்றி, ஹோல்டரை இடப்பக்கமாகக் கால் சுற்று திருப்பினால் வந்துவிடும். இந்த வயது கார்களில் பெரும்பாலும் 12 வோல்ட் 21/5 வாட் பல்புதான். 21 வாட் பிரேக்குக்கு, 5 வாட் பார்க்கிங் விளக்குக்கு. பல்பின் அடியிலுள்ள இரண்டு ஈயப் பொட்டுகளை ஹோல்டரின் ஸ்பிரிங் தகடுகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். 21 வாட் ஃபிலமென்ட் கிட்டத்தட்ட 2 ஆம்பியர் இழுக்கும். தகடு தளர்ந்தால் அந்த இடம் சூடாகும், ஈயப் பொட்டு உருகித் தட்டையாகும், பிளாஸ்டிக் பழுக்கும், பிடி இன்னும் தளரும். அப்புறம் பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் தொடர்பு விட்டு விட்டு ஒட்டும். ஆறிய ஃபிலமென்ட் எரியத் தொடங்கும் நொடியில் வழக்கத்தைவிடப் பத்து மடங்கு வரை கரண்ட் இழுக்கும். இந்த அடியும் ஆட்டமும் சேர்ந்தால் எந்தக் கம்பெனி பல்பும் தாங்காது.

பச்சை பூத்திருந்தால் 400 நம்பர் எமரி தாளை மடித்துத் தேய்த்து, மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் தகடுகளை லேசாக நிமிர்த்துங்கள். பிளாஸ்டிக் உருகியிருந்தால் தேய்த்துப் பயனில்லை, ஹோல்டரையே மாற்றுங்கள். சர்வீஸ் சென்டரில் ‘செட்டாகத்தான் சார் வரும்’ என்று முழு டெயில் லைட்டுக்கு எஸ்டிமேட் போடுவார்கள். நம்பாதீர்கள்; சேஸிஸ் நம்பரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டரில் நேரே போய்க் கேளுங்கள். பல மாடல்களுக்கு ஹோல்டர் வயரோடு தனியாகவே கிடைக்கும். ஜாப் கார்டில் ஆறு முறை ‘பல்பு மாற்றப்பட்டது’ என்று எழுதுகிறவர்கள், ஒருமுறைகூட ஹோல்டரைத் திருப்பிப் பார்ப்பதில்லை. ரோட்டில் நிறுத்தி அபராதம் போடும்போது கேட்பது அவர்களையல்ல, உங்களை. புது ஹோல்டரின் வயரை முறுக்கி டேப் சுற்ற விடாதீர்கள், சால்டர் செய்யச் சொல்லுங்கள்.

அடுத்து எர்த், அதாவது கரண்ட் காரின் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு. ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி, மல்டிமீட்டரை ஹோல்டரின் எர்த் முனைக்கும் பெயின்ட் இல்லாத பாடி இரும்புக்கும் நடுவே வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. 0.5ஐத் தாண்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றித் துரு நீக்கி முறுக்குங்கள். விளக்குக்குள் ஆவி படிந்திருந்தால், தண்ணீர் புகாமல் தடுக்கும் கேஸ்கெட்டைப் பாருங்கள். லென்ஸ் விரிசலுக்கு சிலிக்கான் போடலாம். கீழேயுள்ள சிறு காற்றுத் துளையை மட்டும் அடைத்துவிடாதீர்கள், தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும்.

இவ்வளவு சொல்லியும் மெக்கானிக் ஆல்டர்னேட்டரை விடவில்லையா? இன்ஜின் ஓட, பேட்டரி முனைகளில் அளந்து காட்டச் சொல்லுங்கள். 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் பேச்சு முடிந்தது. 15ஐத் தாண்டி அங்கேயே நின்றால்தான் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் கோளாறு. இதில் ஒரு விலக்கு உண்டு, அதை வைத்துத்தான் இப்போது நிறைய பேரை ஏமாற்றுகிறார்கள். புதிய கார்கள் பலவற்றில் சார்ஜிங்கை கம்ப்யூட்டரே கூட்டிக் குறைக்கும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் 15க்குப் பக்கத்தில் ஏறும், பேட்டரி நிறைந்திருந்தால் 13க்குக் கீழேகூட இறங்கும். இரண்டுமே கோளாறு இல்லை. இன்ஜினை ரேஸ் செய்து விட்ட நொடியில் மீட்டரைக் காட்டி ‘பாருங்க சார், ஓவர் சார்ஜ்’ என்பார்கள். ஐந்து நிமிடம் ஓடவிட்டு, ஹெட்லைட் போட்டு, மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

எல்இடி? உருகிய ஹோல்டரில் அதுவும் விட்டு விட்டுத்தான் எரியும். போதாததற்கு, மலிவான எல்இடிகளில் பார்க்கிங் வெளிச்சத்துக்கும் பிரேக் வெளிச்சத்துக்கும் வித்தியாசமே தெரியாது. பின்னால் வருகிறவர் நீங்கள் பிரேக் போட்டதை எப்படித் தெரிந்துகொள்வார்?

‘இது போகவே போகாது’ என்று சொல்லிப் பல்பு தந்தால், அதன் பித்தளை அடியில் பொறித்திருப்பதைப் படியுங்கள். லாரிக்கான 24 வோல்ட் பல்பும் இதே ஹோல்டரில் உட்காரும். உங்கள் 12 வோல்ட்டில் மங்கலாக எரிவதால்தான் நெடுநாள் உழைக்கும். அதே போல ஒற்றை ஃபிலமென்ட் 21 வாட் பல்பை இதில் அழுத்தித் திணித்தால், அதன் ஒற்றைப் பொட்டு இரண்டு தகடுகளையும் சேர்த்துத் தொடும்; பிரேக் மிதிக்கும்போதெல்லாம் டேஷ்போர்டு விளக்குகூட எரியும்.