ஹிசென் ததயோஷி வாள்: பெயரைக் கடைசியில் படியுங்கள்

கேள்வி: சேகரிப்பாளர் ஒருவர் எனக்கு விற்க முன்வந்துள்ள ஜப்பானிய நெடுவாளின் அடிப்பகுதியில் ‘ஹிசென் நாட்டு ததயோஷி’ என்று பொறித்திருப்பதாகச் சொல்கிறார். எழுத்துகளைத் துரு மூடியிருக்கிறது. தேய்த்துச் சுத்தம் செய்து படிக்கலாமா? வாள் அசல்தானா என்று எப்படி அறிவது?

பதில்: துருவைத் தொடாதீர்கள். பிடிக்குள் செருகப்படும் அந்த அடிப்பகுதியை ‘நகாகோ’ என்பார்கள். அதில் படிந்த துருவின் நிறமும் அடர்த்தியும்தான் வாளின் வயதுக்கு முதல் சாட்சி. ஒரு முறை தேய்த்துவிட்டால் அந்தச் சாட்சியம் மீளாது, விலையும் சரிந்துவிடும்.

ததயோஷி மரபு கியூஷூ தீவின் ஹிசென் பகுதியில், சாகா கோட்டை நகரில் வளர்ந்தது. 1572-இல் பிறந்த முதல் ததயோஷியை நபெஷிமா பிரபு 1596-இல் கியோத்தோவுக்கு அனுப்பி, உமெததா மியோஜு என்ற பெருங்கொல்லரிடம் பயில வைத்தார். 1598-இல் ஊர் திரும்பியவர், 1624-இல் ‘முசாஷி தைஜோ’ என்ற பட்டம் பெற்றதும் தம் பெயரை ததஹிரோ என மாற்றிக்கொண்டு, 1632-இல் மறைந்தார். அவருடைய மகனோ ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் தொழில் செய்தும் ததஹிரோ என்றே பொறித்தார். 1641-இல் அவருக்கு ‘ஓமி தைஜோ’ பட்டம் கிடைத்தது. ஆகவே ‘ஓமி தைஜோ ததயோஷி’ என்று பொறித்த வாளை இந்த மகனுடையது என்று விற்க வந்தால் நம்பாதீர்கள்; அப்படிப் பொறித்தவர், பின்னர் அதே பட்டம் பெற்ற நான்காம் தலைமுறை ததயோஷி. போலி செய்தவர்கள் கைத்திறனில் கெட்டிக்காரர்கள். வரலாற்றில்தான் பலரும் கோட்டைவிட்டார்கள்.

பெயரை விட இரும்பே நம்பத்தக்கது. வாளின் உடலை ஒற்றை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். நல்ல ஹிசென் வாளின் மேற்பரப்பு, அரிசித் தவிட்டைச் சீராகத் தூவியது போன்ற மிக நுண்ணிய மணியமைப்புடன், ஈரம் தங்கியது போலத் தோன்றும். இதனை ‘கொனுகா-ஹதா’ என்பர். வாளைச் சூடாக்கி நீரில் தோய்த்துக் கடினமாக்கும்போது விளிம்பை ஒட்டி உண்டாகும் தோய்ச்சல் கோடு பெரும்பாலும் நேராக, ஒரே அகலமுள்ள பட்டை போல வெண்மையாகச் சென்று, முனையில் விளிம்புக்கு இணையாக வளைந்து சிறு வட்டமாகத் திரும்பும். இந்த மரபில் அலைவடிவத் தோய்ச்சலும் உண்டு; எனினும் புதிதாகப் பழகுபவர் நேர்கோட்டு வாளிலிருந்து தொடங்குவதே நல்லது, ஏனெனில் அலங்காரம் இல்லாத இடத்தில் குறைகள் மறையாமல் தெரியும்.

அடுத்தது, பெயர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது. வாளை முனை மேலாக நிறுத்தி, எழுத்துகள் உங்களை நோக்கியிருக்கும்படி பிடித்தால், மற்றக் கொல்லர்களின் கதானா எனப்படும் நெடுவாள்களில் வெட்டும் விளிம்பு பெரும்பாலும் உங்கள் இடப்புறம் இருக்கும். ஹிசென் கொல்லர்கள், விளிம்பு கீழ்நோக்கித் தொங்கவிடப்பட்ட பழைய தாச்சி வாள்களின் வழக்கப்படி பொறித்ததால், அவர்களுடைய கதானாவில் விளிம்பு வலப்புறம் வரும். குறுவாளான வாகிசாஷியில் மட்டும் அவர்கள் பொதுவாக மற்றவர்களைப் போலவே பொறித்தார்கள். பெயர் இடம் மாறியிருந்தால் அதுவே போலி என்று முடிவாகிவிடாது. ஆனால் விற்பவர் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர்.

இந்தச் சோதனைகள் அனைத்தும் வடிகட்டத்தான் உதவும். ததயோஷி பெயரில் போலிகள் ஏராளம் என்பதால், 1948-இல் தோன்றிய ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கத்தின் ‘ஹோசோன்’ அல்லது ‘தொகுபெத்சு ஹோசோன்’ சான்றிதழ் இல்லாமல் ததயோஷிக்குரிய விலையைக் கொடுக்காதீர்கள். இவ்வகைச் சான்றிதழ்கள் 1982-இல் வந்தவை. அதற்கு முந்தைய தாள்களைப் பெரிய பெயர்கள் விஷயத்தில் அனுபவசாலிகள் அப்படியே ஏற்பதில்லை. சான்றிதழ் இல்லையென்றால், பெயரற்ற வாளுக்குரிய விலையைச் சொல்லிப் பாருங்கள். விற்பவர் உடனே ஒப்புக்கொண்டால், அவருக்கே அந்தப் பெயரில் நம்பிக்கை இல்லை என்று கொள்ளலாம்.