பன்னீர் திராட்சையின் தாய்க்கொடியைக் கம்பத்தில் நடலாமா?

கேள்வி: கம்பம் பக்கம் இரண்டு ஏக்கரில் பந்தல் போட்டுப் பன்னீர் திராட்சை வைத்திருக்கிறேன். ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் மச்சினன், இத்தாலியின் வடகோடியிலும் நம்மைப் போலப் பந்தலில்தான் கொடி ஏற்றுகிறார்கள், அங்கேதான் பன்னீரின் தாய் ரகம் இருக்கிறது, அதில் சிவப்பு ஒயின் செய்கிறார்கள் என்கிறான். அடுத்த முறை ஊருக்கு வரும்போது பத்துக் குச்சி கொண்டுவரட்டுமா என்று கேட்கிறான். நட்டால் வருமா? அல்லது இருக்கிற பன்னீரையே ஒயினுக்கு விடலாமா?

பதில்: மச்சினர் சொன்னது சரிதான் ஐயா. நம் பன்னீருக்கு வெளியில் வழங்கும் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். 19-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இரண்டு ரகங்களை இனக்கலப்பு செய்து எடுத்த ரகம் அது. பெற்றோரில் ஒன்று வெள்ளைத் திராட்சையான அலெக்சாண்டிரியா மஸ்கட், மற்றொன்று ஸ்கியாவா குரோசா என்ற கறுப்பு ரகம். பன்னீரின் வாசம் முதலாவதிலிருந்து வந்தது, கறுப்பு நிறம் ஸ்கியாவா கொடுத்தது.

இந்த ஸ்கியாவாவின் சொந்த ஊர் ஆல்ட்டோ அடிஜே. இத்தாலியின் வடகோடியில், ஆல்ப்ஸ் மலைக்குள் இருக்கும் பள்ளத்தாக்குப் பகுதி. முதல் உலகப்போர் முடியும்வரை ஆஸ்திரியாவோடு இருந்த பகுதி என்பதால், இன்றைக்கும் பெரும்பாலோர் ஜெர்மன்தான் பேசுகிறார்கள். அவர்கள் வாயில் இதற்கு ஃபெர்னாட்ச் என்று பெயர். ஸ்கியாவா என்றால் இத்தாலிய மொழியில் அடிமைப் பெண். கொடியை இழுத்துக் கட்டி வளர்த்ததால் வந்த பெயர் என்பார்கள்.

பந்தல் விஷயமும் உண்மை. பெர்கோலா என்பார்கள். நம்முடையதுபோல் மட்டமாக, நாலு பக்கமும் விரிந்திருக்காது. மலைச்சரிவில் தாழ்வாரக் கூரைபோல ஒரு பக்கம் உயர்த்திக் கட்டியிருக்கும். குலைகள் பெரிதாக, இலை நிழலில் கீழே தொங்கும். வெயில் நேரடியாகப் பட்டுக் காய் வெந்துபோகாது. மத்தியானமானால் கார்டா ஏரிப் பக்கமிருந்து 'ஓரா' என்ற காற்று ஏறி வந்து இலை ஈரத்தைக் காயவைத்துவிடும். அடிச்சாம்பல் நோயோடு மல்லுக்கட்டும் உங்களுக்கு அந்தக் காற்றின் அருமை புரியும்.

ஆனால் குச்சி கொண்டுவர வேண்டாம். முதல் காரணம், சட்டம். திராட்சைக் குச்சியை இறக்குமதி அனுமதியும் தாவரத் தனிமைப்படுத்தல் சோதனையும் இல்லாமல் பையில் போட்டுக் கொண்டுவர முடியாது. காரணத்தோடுதான் அந்தச் சட்டம் இருக்கிறது. வட இத்தாலியில் ஃபிளாவசான்ஸ் டோரே என்ற மஞ்சள் நோய் இருக்கிறது. தத்துப்பூச்சி ஒன்று பரப்பும் இந்நோய் குச்சியிலும் ஒளிந்து வரும். பத்துக் குச்சிக்காகக் கம்பம் பள்ளத்தாக்கையே பணயம் வைக்கக் கூடாது.

அடுத்தது குளிர். அங்கே கொடி குளிர்காலம் முழுக்க இலையில்லாமல் உறங்கும். குளிர் முடியும் முன் கவாத்து, ஏப்ரல் வாக்கில் துளிர், செப்டம்பர் நடுவிலிருந்து அறுவடை. வருடத்துக்கு ஒரே போகம். உங்கள் தோட்டத்தில் கொடிக்கு உறக்கமே கிடையாது, கவாத்துதான் அதை எழுப்புகிறது. இரவும் சூடாக இருந்தால் தோலில் நிறம் சரியாக ஏறாது. ஸ்கியாவா சொந்த ஊரிலேயே வெளிர் சிவப்பு ஒயின்தான் தரும். போல்சானோ நகருக்கு மேலே உள்ள சாந்தா மதலேனா சரிவில், நிறத்துக்காக லாக்ரைன் என்ற கருஞ்சிவப்பு ரகத்தைக் கொஞ்சம் கலப்பது வழக்கம். துவர்ப்பு குறைவு என்பதால் லேசாகக் குளிரவைத்தே குடிக்கலாம். எனக்குக் கேட்டால் அது நல்ல ஒயின்தான், விலைதான் கிடைக்காது.

அதனால் அங்குள்ளவர்களே ஸ்கியாவாவைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு காலத்தில் அங்குள்ள திராட்சைத் தோட்டங்களில் பாதிக்கும் மேல் இதுதான் இருந்தது. இன்று பத்தில் ஒரு பங்கு தேறும். அந்த இடத்தில் பினோ கிரிஜோ, பினோ பியாங்கோ, ஷார்டனே போன்ற வெள்ளை ரகங்கள் வந்துவிட்டன. கெவுர்ஸ்ட்ராமினர் என்று ரோஜாப்பூ வாசம் அடிக்கும் ரகம் ஒன்று உண்டு, அந்தப் பெயருக்குள் இருப்பது அங்குள்ள டிராமின் என்ற ஊர். இவையெல்லாம் இரவுக் குளிரை நம்பி நிற்பவை, கம்பத்துக்கு ஆகாது.

சரி, இருக்கிற பன்னீர்? மகசூலைப் பாருங்கள். ஆல்ட்டோ அடிஜேயில் ஸ்கியாவாவுக்கு ஹெக்டேருக்கு 14 டன் என்று விதியே போட்டிருக்கிறார்கள், ஏக்கருக்கு ஐந்தரை டன் சொச்சம். அதற்கு மேல் காய்த்தால் அந்தப் பெயரில் ஒயின் விற்க முடியாது. நாம் பன்னீரில் எல்லாப் போகமும் சேர்த்து வருடத்துக்கு ஏக்கருக்கு 12 டன் எதிர்பார்க்கிறோம். இத்தனை குலைக்குச் சர்க்கரை பங்கு பிரிந்தால் சாறு நீர்த்துத்தான் இருக்கும். 16 பிரிக்ஸ், அதாவது நூறு கிராமுக்குச் சுமார் 16 கிராம் சர்க்கரை உள்ள சாறு புளித்தால் 9 சதவீத ஆல்கஹால்கூடச் சிரமம்.

சோதிக்க ஆசை இருந்தால் ஒரே ஒரு வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். காய் மிளகு அளவில் இருக்கும்போதே குலைகளில் பாதியைக் கிள்ளிவிடுங்கள். பழுக்கும்போது தண்ணீரைக் குறைத்து, வழக்கமான அறுவடைக்குப் பிறகு பத்து நாள் கொடியிலேயே விடுங்கள். மழை நாளாகப் பார்த்து இதைச் செய்தால் பழம் வெடித்துவிடும், கோடைப் போகத்தில் செய்யுங்கள். சர்க்கரையை அளக்கும் கையடக்க ரிஃப்ராக்டோமீட்டரில் இரண்டு சொட்டுச் சாறு விட்டு, பக்கத்து வரிசையோடு ஒப்பிட்டு எழுதிவையுங்கள். அந்தக் கணக்கோடு ஆனைமலையன்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையத்தில் பேசுங்கள். வீட்டில் பானையில் ஊறப்போட்டுப் பார்க்கலாம் என்று மட்டும் இறங்காதீர்கள், உரிமம் இல்லாமல் செய்தால் மதுவிலக்கு வழக்கு வரும்.

இன்னொன்று, ஸ்கியாவா வெறும் ஒயின் பழமாகவும் இருந்ததில்லை. அதே பகுதியில் மெரான் என்ற ஊருக்கு 19-ம் நூற்றாண்டில் உடம்பு தேற்றிக்கொள்ள வந்தவர்களுக்கு, 'திராட்சை வைத்தியம்' என்று இந்தப் பழத்தைத்தான் தினமும் சாப்பிடக் கொடுத்தார்கள். உங்கள் பன்னீருக்கும் 2023-ல் கம்பம் பெயரில் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஒயினுக்குப் போகும் முன், அந்த முத்திரையோடு பெட்டி கட்டி விற்றால் கிலோவுக்கு என்ன கூடுகிறது என்று இந்தப் போகத்திலேயே பாருங்கள்.