லிம்போமாவில் ஹாட்ஜ்கின், நான்-ஹாட்ஜ்கின் என்கிறார்களே, என்ன வித்தியாசம்? எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

லிம்போமா என்பது நெறி, அதாவது நிணநீர் முடிச்சுகளில் இருக்கும் வெள்ளை அணுக்களில் வரும் புற்றுநோய். நான் டாக்டர் இல்லை. கோபிச்செட்டிபாளையம் பக்கம் இருக்கும் என் தாய்மாமாவுக்காக இரண்டு வருடமாக ஃபைல் தூக்கிக்கொண்டு அலைகிறவன்.

சவரம் செய்யும்போது மாமாவின் கழுத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஏதோ உருண்டது. வலி இல்லை. "நெறி கட்டியிருக்குதுங்க, தானா அமுங்கிரும்" என்றார் அத்தை. அமுங்கவில்லை. ஒரு ஆஸ்பத்திரியில் ஊசி குத்திச் சோதித்தார்கள். ரிப்போர்ட்டில் எதுவும் தெளிவாக வரவில்லை. கழுத்து நெறி என்றாலே நம் ஊரில் டி.பி. ஞாபகம்தான் வரும். அது நியாயமான சந்தேகம்தான், ஆனால் உறுதி செய்யாமலே மருந்தை ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு மாதம் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதுதான் மிச்சம்.

கோவையில் பார்த்த டாக்டர் முதலில் கேட்டதே, "முழு நெறியையும் எடுத்துப் பாத்தாங்களா?" என்றுதான். ஊசியில் வருவது கொஞ்சம் செல்கள். லிம்போமாவிலோ செல்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். நாலு இழை நூலைப் பார்த்து அது சேலையா பவானி ஜமுக்காளமா என்று சொல்ல முடியுமா? முழு நெறியையும் வெட்டி எடுத்து, செல்லின் மேலுள்ள புரதங்களைச் சாயமேற்றிப் பார்த்தார்கள். ஐ.ஹெச்.சி. என்பார்கள். வகை அதில்தான் தெரியும். அதற்கு முன்னால் ஸ்டீராய்டு சாப்பிட்டால் கட்டி சுருங்கி, முடிவே குழம்பிப்போகலாம்.

இப்போது வகைக்கு வருகிறேன். 1832இல் தாமஸ் ஹாட்ஜ்கின் விவரித்த நோய் முதலாவது. ஆந்தைக் கண் மாதிரி இரட்டை உட்கருவோடு ரீட்-ஸ்டெர்ன்பெர்க் என்ற பெரிய செல் தெரியும், அதன் மேலுள்ள சி.டி.30, சி.டி.15 என்ற புரதங்கள் இரண்டும் பெரும்பாலும் பாசிட்டிவாக வரும். இளவயதினருக்கும் வரும், ஒரு நெறியிலிருந்து அடுத்ததற்கு வரிசையாகப் பரவும், பெரும்பாலானவர்களுக்குக் குணமாகும்.

மீதி எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியதுதான் நான்-ஹாட்ஜ்கின். உள்ளே பல டஜன் வகை, பெரும்பாலும் பி-செல் என்ற வெள்ளை அணுவில் தொடங்குபவை, குறைவாக டி-செல் என்ற இன்னொரு வெள்ளை அணுவில். டி.எல்.பி.சி.எல். என்ற வகை வேகமாக வளரும், ஆனாலும் சிகிச்சையில் பலருக்கு முழுசாகப் போய்விடும். பர்கிட் என்ற வகை நாள் கணக்கில் பெருகும். ஃபாலிக்குலர் என்ற வகை மெதுவாக, வருடக் கணக்கில் கூடவே வரும். ஆனால் வேரோடு போவது அபூர்வம். வேகமானது போய்விடுகிறது, சாதுவானது ஒட்டிக்கொள்கிறது. எனக்கு இது புரியவே ஒரு மாதம் ஆனது.

மாமாவுக்கு ஃபாலிக்குலர். பெட் ஸ்கேன், எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை எல்லாம் முடித்து நான்காம் நிலை என்றார்கள். வீடே அழுதது. மற்ற புற்றுநோய்களின் நான்காம் நிலையும் இதுவும் ஒன்றல்ல என்று அப்போது தெரியாது. காய்ச்சல் இல்லை, இரவில் துணி நனையும் வியர்வை இல்லை, எடை குறையவில்லை, கட்டிகளும் சின்னவை. அதனால் இப்போதைக்கு மருந்தே வேண்டாம், கவனித்துக்கொண்டே இருப்போம் என்றார் டாக்டர்.

அத்தை விடவில்லை: "இல்லாத டி.பி.க்கு ரெண்டு மாசம் மாத்திரை திங்க வெச்சாங்க, இருக்கற கேன்சருக்கு ஒண்ணுமே இல்லீங்ளா?"

இன்றுவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை செக்கப் மட்டும்தான். தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் வந்து நடவு ஓடும் நேரமாக இருந்தால், அந்தத் தேதியையும் மாமா தள்ளிப்போடச் சொல்வார்.