மேட்டு நிலம், இலவச மாடி, காணாமல்போன குத்தகையாளர்

கேள்வி: சிங்கப்பூரில் புக்கித் தீமா பக்கம் சரிவில் ஒரு பழைய தரைவீடு. இடித்து மூன்று மாடி கட்டலாம் என்றார் முகவர். விலையில் 1 விழுக்காட்டை முன்பணமாகக் கொடுத்த பிறகுதான் அந்தத் தெருவில் இரண்டு மாடிக்கே அனுமதி என்று தெரிந்தது. பணம் திரும்ப வருமா?

பதில்: விலகினால் பெரும்பாலும் வராது. எந்தத் தெருவுக்கு எத்தனை மாடி என்பதை நகர மறுசீரமைப்பு ஆணையம் வரைபடமாக இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. மில்லியன் கணக்கில் பேரம் பேசியவருக்கு அதைத் திறந்து பார்க்க ஐந்து நிமிடம் கிடைக்கவில்லையா? முகவர் குறுஞ்செய்தியில் எழுதியிருந்தால் இன்றே வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வாய்ப்பேச்சு மட்டும்தான் என்றால் என்னிடம் மருந்து இல்லை.

கேள்வி: சரிவான காலி மனை. நடுவே பெரிய மரம். சத்தமில்லாமல் வெட்டிவிடலாமா?

பதில்: கூடாது. தண்டின் சுற்றளவு 1 மீட்டரைத் தாண்டினால் காலி நிலத்திலும் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். தவிர, சத்தமில்லாமல் மரம் வெட்டியவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

கேள்வி: "சரிவு நிலம், கீழ்த்தளம் இலவசம்" என்று விளம்பரம் சொல்கிறது. உண்மையா?

பதில்: இந்த "இலவசம்" என்ற சொல்லைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். கீழ்த்தளம் நிலமட்டத்துக்கு மேல் 1 மீட்டருக்குமேல் தலைநீட்டினால் அது மாடிக் கணக்கில் சேர்ந்துவிடும். சரிவில் ஒரு பக்கம் புதைந்து மறுபக்கம் வெளியே தெரிவதுதானே இயல்பு? அங்கேதான் உங்கள் கட்டட வரைபடம் மாட்டிக்கொள்ளும். மொத்த உயரத்துக்கும் வரம்பு உண்டு: இரண்டு மாடிப் பகுதியில் 12 மீட்டர், மூன்று மாடிப் பகுதியில் 15.5. தோண்டும் ஆழம் 6 மீட்டரைத் தாண்டினால் மண்ணியல் பொறியாளரும் வந்தாக வேண்டும். 2004இல் நிக்கல் நெடுஞ்சாலையில் தோண்டிய பள்ளம் சரிந்து நால்வர் இறந்த பிறகு இந்த விஷயத்தில் பிடி இறுகியது, இறுகியதும் நல்லதே. இத்தனைக்கும் ஆகும் செலவை விளம்பரத்தில் யார் போடுகிறார்கள்?

என் கதையையும் கேளுங்கள். மேட்டில் ஒரு வரிசை வீட்டை ஜூலை வெயிலில் பார்த்து மயங்கி வாங்கினேன். டிசம்பர் மழையில் கீழறைச் சுவர் வியர்த்தது. பின்புறத் தடுப்புச்சுவரின் அடியில் நீர் வெளியேற வைத்த துளைகளைப் பழைய உரிமையாளர் சிமெண்டால் அடைத்து, மேலே வெள்ளையும் அடித்திருந்தார். நான் துளையைத் தேடாமல் கடைக்கு ஓடி, ஈரம் உறிஞ்சும் இயந்திரம் இரண்டு வாங்கினேன். தினமும் காலையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டியதுதான் மிச்சம். அரிசி மூட்டையின் அடியில் பச்சையாகப் பூஞ்சை. ஆகவே, சரிவு வீட்டை மழை நாளில் போய்ப் பாருங்கள். சுவருக்கு அடியில் குனிந்தும் பாருங்கள்.

கேள்வி: கணவர் இறந்தபின் தனியாக இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் தடுப்புச்சுவர் சாய்ந்தது. சரிசெய்வதாக 18,000 வெள்ளி வாங்கிய குத்தகையாளர் இரண்டு நாள் மண்ணைக் கொத்திவிட்டுப் போனவர்தான். தொலைபேசியை எடுப்பதில்லை.

பதில்: அம்மா, "விசாரிக்காமல் கொடுத்துவிட்டேன்" என்று கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். தப்பு உங்களுடையதல்ல. சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரை கேட்கும். இரு தரப்பும் ஒப்பினால் 30,000 வரை. உங்கள் தொகை அதற்குள் அடங்குகிறது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். அங்கே வழக்கறிஞர் வாதாட முடியாது என்பதால் அந்தச் செலவும் இல்லை. ரசீது, வங்கிக் கணக்கு விவரம், கொத்திப்போட்ட மண்ணின் படங்கள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போடுங்கள். பயனீட்டாளர் சங்கத்திலும் புகார் கொடுங்கள். அதற்குமுன், தகுதிபெற்ற பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டுச் சுவரைக் காட்டுங்கள். அவர் பார்க்கும்வரை பின்பக்கத்தில் துணி காயப்போட வேண்டாம்.