மரக்கறிப் பற்றீஸும் பழச் சலாட்டும்: கேள்வி பதில்

கல்முனையிலிருந்து ஒரு தங்கச்சி: தாச்சியில் போட்டதும் பற்றீஸ் வாய் திறந்துவிடுகிறது. மா பிழையா?

மா பிழையில்லை தங்கச்சி, உள்ளே வைக்கும் கறிதான் ஈரம். எண்ணெய்ச் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி வெளியே வர வழி தேடும். ஒட்டின விளிம்புதான் முதலில் விடும். கிழங்கைத் தோலோடு அவித்து, உரித்து மசித்து, வெறும் சட்டியில் இரண்டு நிமிடம் பிரட்டுங்கள். லீக்ஸையும் கரட்டையும் மூடி போட்டு வதக்காதீர்கள், தண்ணி விடும். அரைக் கிலோ கிழங்குக்கு ஒரு லீக்ஸ், ஒரு கரட், இரண்டு வெங்காயம், நாலு பச்சை மிளகாய், கறிவேப்பிலை போதும். உறைப்புக்கு மிளகும் இடித்த செத்தல் மிளகாயும். வறுத்து இடித்த பெருஞ்சீரகத்தை விட்டுவிடாதீர்கள், வாசமே அதுதான். தேசிக்காய்ப்புளி இறக்கிய பிறகு. அப்புறம் கறி முழுக்க ஆறட்டும். இளஞ்சூடு என்பது ஆறினதில் சேராது.

மாவுக்கு அரைக் கிலோ கோதுமை மா, 100 கிராம் மாஜரீன், ஒரு தேக்கரண்டி உப்பு. புட்டு மா போல உதிரும்வரை விரல் நுனியால் பிசறி, குளிர்ந்த தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துக் குழையுங்கள். முட்டை தேவையில்லை. ஈரத்துணியால் மூடி அரை மணி நேரம் வைத்தால் உருட்டும்போது சுருங்காது.

களுவாஞ்சிகுடி: மேல்தோலெல்லாம் கொப்புளம் போடுகிறது.

எண்ணெய் சூடு கூடிவிட்டது. சின்ன மாத்துண்டு போட்டால் அடிக்குப் போய் மெல்ல மேலே வர வேண்டும். உடனே துள்ளினால் அடுப்பைக் குறையுங்கள்.

ஏறாவூர்: பழச் சலாட்டில் எருமைத் தயிர் கலந்தேன். பின்னேரம் பார்த்தால் ஒரே கசப்பு. தயிர் பழசா?

அன்னாசி போட்டீர்களா? அதுதான். பச்சை அன்னாசியில் புரோமலின் என்று ஒரு நொதி உண்டு. அது தயிரின் புரதத்தை உடைக்கும், நேரம் போகப் போகக் கசப்பு ஏறும். நல்ல மட்டக்களப்புத் தயிரை வாங்கி அதன்மேல் பழியும் போடலாமா? அன்னாசியைச் சீனிப்பாகில் சில நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்தால் நொதி செயலிழந்துவிடும். டின் அன்னாசி ஏற்கெனவே வெந்தது, அதிலும் பயமில்லை. பச்சையாகவே வேண்டுமென்றால் தயிரைப் பரிமாறும் நேரத்தில் ஊற்றுங்கள்.

பற்றீஸுக்குப் பக்கத்தில் வைக்க நான் தயிரே சேர்ப்பதில்லை. அன்னாசி, கொய்யா, அரைப்பழமான மாங்காய், கொஞ்சம் வெள்ளரி; தேசிக்காய், உப்பு, மிளகு. உப்பைக் கடைசியில் போடுங்கள், முந்திப் போட்டால் பழம் தண்ணி விடும். தனிக் கிண்ணத்தில் வையுங்கள். ஒரே தட்டில் வைத்தால் மொறுமொறுப்பு போய்விடும்.

காத்தான்குடியிலிருந்து ஒரு ராத்தா: நோன்புக்கு முன்கூட்டியே செய்து பிரீசரில் வைக்கலாமா?

வைக்கலாம் ராத்தா. பொரிக்காமல், தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் உறையவிட்டு, பிறகு பையில் போடுங்கள். உருகவிடாமல் அப்படியே பொரியுங்கள். கறி ஆறின பிறகுதான் அடைக்க வேண்டும்.

செங்கலடி: பற்றீஸ் ஏன் வெடிக்கிறது?

முதல் பதிலைப் படியுங்கள்.

அக்கரைப்பற்று: சீனி வருத்தக்காரர் எத்தனை சாப்பிடலாம்?

டொக்டரிடம் கேளுங்கள்.

மட்டக்களப்பு, ஒரு தம்பி: ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலில் தீர்த்தமாடிவிட்டு ஆட்கள் வீட்டுக்கு வருகிறார்கள். கறியில் ஒரு கரண்டி மாசித்தூள் போட்டால் யாருக்குத் தெரியும்?

உங்களுக்குத் தெரியுமே தம்பி! சூரையை அவித்து, புகையிட்டு, காயவைத்ததுதான் மாசி. மீன் மீன்தான்.

இன்னொருவர், ஆரையம்பதி: வாசத்துக்குத்தானே அக்கா? கடைகளில் மரக்கறி ரோல்ஸ் என்று விற்பதில்கூடப் போடுகிறார்கள்.

போடுகிறவர்கள் அதைச் சொல்லி விற்கட்டும். விரதக்காரரை ஏமாற்றி வரும் ருசி எனக்கு வேண்டாம்.

வாழைச்சேனை: அக்கா சொல்வது சரி. ஆனால் மாசி இல்லாவிட்டால் கறி சப்பென்று இருக்கிறதே?

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. வெங்காயத்தைச் சிறு நெருப்பில் நல்ல பொன்னிறமாகும்வரை வதக்குங்கள், பாதிக் குறை அங்கேயே தீரும். மரமுந்திரிகைப் பருப்பை வறுத்து ஒன்றிரண்டாக இடித்துச் சேருங்கள். விரதத்துக்கு வெங்காயம் சேர்க்காதவர்கள் பெருங்காயத்தை எண்ணெயில் பொரித்துப் போடலாம்.

ஆரையம்பதி, மறுபடியும்: அப்போ சோயா மீற்?

சரி. ஊறவைத்து ஒட்டப் பிழிந்து, சட்டியில் காய வதக்குங்கள். கோழி ருசி, இறால் ருசி என்றெல்லாம் பக்கெட் வருகிறது. பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். அதையும் ஆறவிட்டுத்தான் அடைக்க வேண்டும்.